மஞ்சள் அறையில் செய்த பல்

பல் செய்வது என் தொழில். பிடுங்குவது, அடைப்பது, வாயை அகலத் திறக்கச் சொல்லிவிட்டு அதே நேரத்தில் கேள்வியும் கேட்பது, இதெல்லாம் டாக்டர் வேலை. உடைந்த பல்லை அவர் ராவிச் சின்னதாக்கி, அளவெடுத்து, சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு அச்சாக எனக்கு அனுப்புவார். அதன் மேல் தொப்பி போல உட்கார வேண்டிய பீங்கான் பல்லை நான் செய்து கொடுப்பேன். பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் படலம் படலமாக ஏற்றி, குக்கர் அளவே உள்ள ஒரு சின்ன உலையில் சுட்டு எடுக்க வேண்டும். நன்றாகச் செய்தால் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் பிசகினால் ஊருக்கே தெரியும். பாராட்டு வராத, திட்டு மட்டும் வீடு தேடி வருகிற தொழில்.

ஒன்பது வருஷம் ஒரு பெரிய லேபில் இதைச் செய்துகொண்டிருந்தேன். அங்கே ஒரு மேனேஜர். நாம் வேலை செய்யும்போது பின்னால் வந்து நின்று மூச்சு விடுவார். வேறு வேலை அவருக்கு இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒருநாள், "பொம்பளைங்களுக்குக் கோபம் வந்தா கை நடுங்கும். கை நடுங்கினா பல்லு கோணும்" என்று ஒரு ஆராய்ச்சி முடிவைச் சொன்னார். கையில் இருந்த பல்லை அமைதியாக முடித்தேன். கழுத்தில் இருந்த அடையாள அட்டையைக் கழற்றினேன். "பாருங்க, நடுங்கல" என்று சொல்லி, அதை அவருடைய டீக் கோப்பைக்குள் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு மூன்று வீடு தள்ளிக் கேட்டது. அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். ஸ்டீயரிங்கைப் பார்த்தாலே வியர்க்கிற ஆட்களை நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பை வைத்தே பயம் தெளிய வைப்பார். "விடு. இனிமே நீதான் முதலாளி" என்றார். அன்றையிலிருந்து வீட்டில் என் பெயர் முதலாளியம்மா ஆகிவிட்டது.

பின்கட்டில் பழைய சாமான் போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதைப் பட்டறையாக்குவது என்று முடிவானது. மூன்று நாள் லீவு போட்டார். என்னை அந்தப் பக்கமே வரவிடவில்லை. நாலாம் நாள் என் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய் உள்ளே நிறுத்திக் கையை எடுத்தார்.

மாம்பழ மஞ்சள். நாலு சுவரும் மஞ்சள். மேல்தளம் மஞ்சள். கதவும் மஞ்சள். மிச்சம் இருந்ததை வீணாக்க மனமில்லாமல் முக்காலிக்கும் அடித்திருந்தார். அவர் புருவத்திலும் கொஞ்சம் இருந்தது.

"ஒம்பது வருஷமா வந்து வந்து புலம்புவியே, லேப் சுவரெல்லாம் சாம்பல் கலர், பிணவறை மாதிரி இருக்குன்னு. அதான் உனக்குப் பிடிச்ச கலர்ல அடிச்சேன். எப்படி?"

யாரும் எனக்காகத் தங்கள் கையால் இவ்வளவு மஞ்சள் அடித்ததில்லை.

அறை எல்லாருக்கும் பிடித்துப்போனது. முக்கியமாக என் மாமியாருக்கு. அந்த அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் பத்து வயது குறையும், முகம் தங்கமாக மின்னும். தங்கையோடு வீடியோவில் பேச வேண்டுமென்றால் போனைத் தூக்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்துவிடுவார். "நீ உன் வேலையைப் பாரும்மா, நான் இப்படி ஓரமா உட்கார்ந்துக்கறேன்" என்று அறையின் நடுவில் உட்காருவார்.

எனக்கு வேலை கொடுக்க முன்வந்தது ஒரே ஒரு டாக்டர்தான். அடுத்த தெருவில் கிளினிக். அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆபீஸ் முடிந்து, ஆறு ஆறரைக்கு மேல், பொழுது சாய்ந்த பிறகுதான் நிறம் பார்க்க என் வீட்டுக்கு வருவார்கள். என்னிடம் பதினாறு மாதிரிப் பல் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கைப்பிடியில் செருகி, நம்பர் போட்டிருக்கும். ஒவ்வொன்றாக அவர்கள் பல் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறதோ அந்த நம்பருக்குப் பல் செய்ய வேண்டும். ஆகவே எல்லாம் அறையின் விளக்கைப் பொறுத்த விஷயம்.

முதல் பல் ஒரு தலைமையாசிரியைக்கு. என் அறையில் பார்த்தபோது அவ்வளவு அழகு. கண் பட்டுவிடுமோ என்றுகூட நினைத்தேன். மறுநாள் டாக்டர் போன் செய்தார்.

"ஜன்னல் பக்கத்துல நிக்க வெச்சுப் பார்த்தேம்மா. அந்த ஒரு பல்லு மட்டும் நீலம் பாரிச்ச மாதிரி தெரியுது. எங்க நர்ஸ் வாசல்லயே கண்டுபிடிச்சுட்டாங்க."

"பல்பு பழசு டாக்டர். மாத்திடறேன்."

பழைய மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை டியூப் லைட் போட்டேன். இரண்டாவது பல், ஒரு வங்கி அதிகாரிக்கு. அதுவும் திரும்பி வந்தது. அதே நீலம், வாசலிலேயே கண்டுபிடித்த அதே நர்ஸ்.

அன்றைக்குச் சாயங்காலம் அறையில் தனியாக உட்கார்ந்து, ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து விளக்குக்கு அடியில் வைத்தேன். காகிதம் வெள்ளையாக இல்லை. பால்கோவா நிறத்தில் இருந்தது. மெதுவாகத் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். சுவர் என்னைப் பார்த்துப் பல்லிளித்தது.

விஷயம் இவ்வளவுதான். விளக்கிலிருந்து எந்த வெளிச்சம் கிளம்பினாலும் அது நாலு சுவரிலும் மேல்தளத்திலும் மோதி, மஞ்சளாகி, பல் மேல் வந்து விழுந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சளின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்சம் பழுத்த பல்லும், பழுக்காத பல்லும், என் மாமியார் முகமும் எல்லாம் ஒரே அழகு. நான் பொருந்துகிறது என்று எடுத்த நம்பரே தப்பு. லேபில் ஏன் சாம்பல் சுவர் என்று ஒன்பது வருஷத்தில் ஒருநாள்கூட நான் யோசிக்கவில்லை. திட்டுவதற்கு நேரம் இருந்தது, யோசிக்க இல்லை. நிறம் பார்க்கிற அறைக்குச் சுவர் எந்த நிறமும் இல்லாமல் இருக்க வேண்டும். அந்தப் பிணவறைக்குச் சாயம் அடித்தவனுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

சரி, தெரிந்துவிட்டது, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சொல்லப் போனேன். அவர் கூடத்தில், பக்கத்து வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "வாங்க சார், எங்க முதலாளியம்மா ஆபீஸை நீங்க இன்னும் பார்க்கல. ரெண்டு கோட்டிங். எல்லாம் நானே!" புருவத்தில் இன்னும் மஞ்சள் போகவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

மேனேஜரின் டீயில் அட்டையைப் போடத் தெரிந்தவளுக்கு இந்த ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. சண்டை போட எனக்கு நன்றாகத் தெரியும். மனம் நோகாமல் ஒன்றைச் சொல்ல மட்டும் தெரியாது. ஆகவே பழியைத் தூக்கி விளக்கின் மேல் போட்டேன். விளக்குக்கு மனசு கிடையாது. அது வருத்தப்பட்டுக்கொண்டு ராத்திரி சாப்பிடாமல் படுக்காது.

ஒரு சாம்பல் நிறப் போர்வையைச் சுவரில் கட்டிப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் மாமியார் வந்து அவிழ்த்துவிட்டார்.

"எம் பையன் ராவும் பகலுமா அடிச்ச பெயிண்ட்டைப் போய் மூடி வெக்கிறியே! போர்வை காயப் போட மொட்டை மாடி இல்ல?"

"இல்ல அத்தை, தூசி படக்கூடாதேன்னு..."

"தூசி பட்டா நான் துடைக்கிறேன்" என்று சொல்லி, துடைத்தும் விட்டார். சுவர் முன்னைவிடப் பளபளத்தது.

மூன்றாவது பல்லும் திரும்பி வந்தது. இந்த முறை டாக்டர் போன் செய்யவில்லை. கூப்பிட்டனுப்பினார்.

"கைவேலை பிரமாதம்மா. வடிவத்துல ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா கலர் தப்பிப்போற பல்லை நான் யார் வாயில வெக்கிறது? இன்னும் ஒண்ணு இப்படி வந்தா பெரிய லேபுக்கே அனுப்பிடறேன். தப்பா நினைக்காதீங்க."

தப்பாக நினைக்க அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அவரை விட்டால் எனக்கு வேறு டாக்டர் இல்லை. வேலை நின்றால் நான் பெரிய லேபுக்குத் திரும்பிப் போய், டீக் கோப்பைக்காரர் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டு, பழைய நாற்காலியில் உட்கார வேண்டும். அவர் பின்னால் வந்து நின்று மூச்சு விடுவார். நினைத்தாலே பிடரி வியர்த்தது.

வீட்டில் அவசரக் கூட்டம் போட்டார்கள். எலக்ட்ரீஷியனாக இருக்கிற என் அண்ணன் வந்தான். ரோட்டோரத்து டிரான்ஸ்பார்மரைக்கூடத் தெரிந்தவன் வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்க்கிற ஆள். "எல்லாம் லைட்டோட குத்தம். சூரிய வெளிச்சம் மாதிரியே ஒரு பேனல் வந்திருக்கு. நிறத்தை அப்படியே காட்டும்" என்றான். "அதான் நானும் சொல்றேன்!" என்றேன் நான், தேவைக்கு அதிகமான உற்சாகத்தோடு. நாலு பேரும் விளக்குக் கடைக்குப் போனோம். மாமியார் எதற்கு வந்தார் என்று கேட்கக்கூடாது. கேட்டால் "அப்ப நான் வரலைப்பா" என்று சொல்லிவிட்டு முதலில் காரில் ஏறுவார்.

விளக்குக் கடையில் விளக்கைத் தேர்ந்தெடுப்பது முடியாத காரியம். இதை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். இருநூறு விளக்கும் ஒன்றாக எரிந்துகொண்டிருக்கும். நமக்குக் காட்டுகிற விளக்கின் வெளிச்சம் எது, பக்கத்து விளக்கின் வெளிச்சம் எது என்று பிரிக்கவே முடியாது. நான் கைப்பையிலிருந்து பதினாறு பல்லையும் எடுத்துக் கவுண்ட்டரில் வரிசையாக வைத்தேன். பக்கத்தில் சரவிளக்கு பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி சத்தமில்லாமல் அடுத்த மாடிக்குப் போய்விட்டது.

"மேடம், இது என்னங்க?" என்றார் கடைக்காரர்.

"பல்லு. மத்த லைட்டையெல்லாம் அணைச்சுட்டு இது ஒண்ண மட்டும் போடுங்க. நான் பார்க்கணும்."

"கடையை இருட்டாக்கவா? வாசல்ல பார்க்கிறவங்க கடை மூடிட்டோம்னு நினைப்பாங்க மேடம்!"

"ரெண்டு நிமிஷம்."

"மாடிப் படிக்குக் கீழ ஒரு ஸ்டோர் ரூம் இருக்கு. அங்க வேணும்னா..."

அந்த ஸ்டோர் ரூமில் நாங்கள் நாலு பேரும், கடைக்காரரும், பதினாறு பல்லும் நின்றோம். அண்ணன் பேனலைத் தலைக்கு மேல் பிடித்தான். சுற்றிலும் பூசாத சிமெண்ட் சுவர். பேனல் எரிந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதினாறு பல்லும் பதினாறு நிறம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையிலே இருக்கிற இழையளவு வித்தியாசம்கூடத் தெரிந்தது. விளக்கு அருமையான விளக்கு. ஆனால் பாதி வேலை செய்தது அந்தச் சிமெண்ட் சுவர் என்று என் மனசுக்குத் தெரியும்.

"இதுதான்! இதேதான்!" என்று வீட்டுக்காரர் கைதட்டினார்.

"எனக்குப் பிடிக்கல. மூஞ்சியெல்லாம் கறுத்துப்போய்த் தெரியுது" என்றார் மாமியார்.

மாமியார் சொன்னதுதான் அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்ட ஒரே உண்மை. நான் வாயை மூடிக்கொண்டு பேனலை வாங்கினேன். நல்ல விளக்கு ஒருவேளை சுவரை ஜெயித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெயிக்காது என்றும் தெரியும். விளக்கு எவ்வளவு நல்லதோ, சுவரும் அவ்வளவு நன்றாக எரியும்.

விளக்கு மாட்டுகிற அன்று அண்ணன் மஞ்சள் முக்காலி மேல் ஏறி நின்றான். வீட்டுக்காரர் கீழே நின்று பேனலைத் தாங்கிப் பிடித்திருந்தார். "மச்சான், கொஞ்சம் இடது பக்கம். பெயிண்ட்ல கீறல் விழாமப் பார்த்து!" என்றார். "மாப்பிள்ளை, உங்க பெயிண்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான் அண்ணன். பெயிண்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேனலின் மூலை நழுவி வந்து, அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவரின் முன்பல்லில் நச்சென்று இறங்கியது. பாதிப் பல் தரையில் கிடந்தது.

டாக்டர் பார்த்தார், ராவினார், அளவெடுத்தார். அச்சை என் கையில் கொடுத்து, "இது உங்க வீட்டுப் பல்லு. அன்னைக்குச் சொன்னதை மறந்துடாதீங்க" என்றார். ஆக, நாலாவது பல். கடைசி வாய்ப்பு என் கட்டின புருஷன் வாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அவரை முக்காலியில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னேன். கல்யாணமான நாள் முதல் அவர் அரை மணி நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. புது விளக்கு ஜகஜ்ஜோதியாக எரிந்தது. மஞ்சள் நாலு பக்கமும் பொங்கியது. ஒவ்வொரு நம்பராக வைத்துப் பார்த்தேன். எல்லாமே பொருந்துவது போல இருந்தது. வீட்டில்தானே இருக்கிற வாய், காலையில் வெயிலில் இழுத்துப்போய்ப் பார்த்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஏன் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு, ஒரு நம்பரை எடுத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து செய்தேன். அவ்வளவு அன்பாக நான் எந்தப் பல்லையும் செய்ததில்லை.

பல் வைக்கிற அன்று தனியாகவே கிளினிக்குக்குக் கிளம்பினார். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"முதலாளியம்மா! டாக்டர் அசந்துட்டாரு. எது ஒரிஜினல், எது உன்னுதுன்னே தெரியலையாம்!"

நான் சுவரிடம் போய், "மன்னிச்சுக்கோ, உன்மேல வீணாச் சந்தேகப்பட்டுட்டேன்" என்று சொல்லித் தட்டிக்கொடுத்தேன். நிஜமாகவே தட்டிக்கொடுத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அதன் பிறகு இரண்டு வாரம் டாக்டர் புது வேலை எதுவும் அனுப்பவில்லை. கேட்டதற்கு, "ஆள் வரத்து கம்மிம்மா" என்றார். வீட்டுக்காரர் விடிவதற்கு முன்னால் கிளம்பிவிடுவார், விளக்கு வைத்த பிறகு வருவார். வந்ததும் நேராக என் அறைக்குள் வந்து உட்கார்ந்து, மஞ்சளுக்கு நடுவில் வாய்விட்டுச் சிரிப்பார். கூடத்தில் கொஞ்சம் அமைதி. வாசலில் சுத்தமாக அமைதி. "எம் பையன் உம்மணாமூஞ்சி ஆயிட்டான். என்னம்மா பண்ணின அவனை?" என்றார் மாமியார். நான் வழக்கம்போல அவரிடம் ஒரு சண்டை போட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு நண்பகல். காய்கறிப் பையோடு ரோட்டைக் கடக்க நின்றிருந்தேன். சிக்னலில் முதல் ஆளாக நின்றது எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார். ஸ்டீயரிங்கில் ஒரு பெண், முகமெல்லாம் கலவரம். பக்கத்தில் என் வீட்டுக்காரர். அந்தப் பெண் வண்டியை அணைய விட்டுவிட்டு அழுகிற நிலையில் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில்தான் அவர் சிரிப்பு வெடிக்கும். அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. பையோடு நேராகப் போய்க் கார் கண்ணாடியைத் தட்டினேன்.

"நீயா? இங்க என்ன பண்றே?" என்றார், கைக்குட்டைக்குள்ளிருந்து.

"வாயைத் திறங்க."

"சிக்னல்ல நிக்கறோம்."

"வாயைத் திறங்கன்னேன்!"

அவருக்கு என் குரல் தெரியும். கைக்குட்டையை எடுத்துவிட்டு, கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். உச்சி வெயில் நேராக வாய்க்குள் விழுந்தது. அவருடைய நல்ல, கொஞ்சம் டீக்கறை ஏறிய, எனக்குப் பழகிய பற்களுக்கு நடுவில் என் பல், சிலேட்டுத் துண்டு மாதிரி நீலம் பாரித்து நின்றது.

நான் செய்த பல்லிலேயே இவ்வளவு கேவலமான பல்லை நான் பார்த்ததில்லை.

"டாக்டர் அசந்துட்டாருன்னீங்களே?"

"அசந்தாருதான்" என்றார். "வெக்க மாட்டேன்னுட்டாரு. நான்தான் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். சரி, மூணு வாரத்துக்கு டெம்பரரியா ஒட்டறேன், அதுக்குள்ள நீங்களே வீட்ல சொல்லிடணும்னாரு. உன் வேலை போயிடுமேன்னு..." சிக்னல் பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். "நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றது?"

"சார், நான் வண்டியை எடுக்கவா?" என்றது அந்தப் பெண்.

"எடுக்காதே!" என்றோம் இருவரும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் மேல் இல்லை. இந்த மனுஷன் மூன்று வாரமாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார், எனக்காக. நானோ ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்து, விளக்கு மேல் விளக்காக வாங்கி, கடைசியில் அந்த விளக்காலேயே அவர் பல்லை உடைத்து வைத்திருக்கிறேன்.

"சுவர்ங்க" என்றேன். "எல்லாம் அந்த மஞ்சள் சுவர். லைட்டு மேல ஒரு தப்பும் இல்ல. அந்த மஞ்சள் இருக்கிற வரைக்கும் யாருக்கும் ஒழுங்காப் பல்லு செய்ய முடியாது."

ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று சந்தேகமாக இருந்தது. கேட்டிருந்தது. முகம் அப்படியே விழுந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ரெண்டாவது பல்லுலேர்ந்து."

"அப்ப லைட்டுக் கடைக்குப் போனோமே? அந்த ஸ்டோர் ரூம்? உங்க அண்ணன், எங்கம்மா, எல்லாரும்?"

"நீங்க மூணு நாள் லீவு போட்டு அடிச்சது" என்றேன். நடுரோட்டில், வெண்டைக்காய்ப் பையோடு, எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம், "கிளட்சை மெதுவா விடும்மா" என்றார். வண்டி முதல் தடவையாக அணையாமல் கிளம்பிப் போனது. அவருக்கு வருத்தம்தான். இல்லை என்று நான் சொன்னால் பொய்.

சாயங்காலம் இரண்டு டின்னோடு வந்தார். சாம்பல் நிறம். சட்டையைக் கழற்றிவிட்டு, என் மேசையை நகர்த்தினார். நானும் ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டேன். முதல் சுவரில் மஞ்சள் மறைகிறபோது அவர் கை கொஞ்சம் நின்றது. பிறகு அவரே அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தார்.

"இதுக்குத்தான் ஒம்பது வருஷம் திட்டினியா?"

"ஆமா."

"இனிமே இதைத் திட்டணும்னா என்னைத்தான் திட்டணும். அடிச்சது நான்."

"திட்டறேன். தினமும் திட்டறேன்" என்றேன்.

சிரித்தார். இந்தத் தடவை பொத்திக்கொள்ளவில்லை. அறை பாதி சாம்பலாகியிருந்ததால் அந்தப் பல் முழு அவலட்சணத்தோடு தெரிந்தது. நானும் சிரித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மாமியார் போனோடு வந்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அந்தப் பக்கமிருந்து அவர் தங்கை, "என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். அதற்கு மேல் அந்த அறைக்கு வரவே இல்லை. இந்த ஆதாயத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

வீட்டுக்காரரை மறுபடியும் முக்காலியில் உட்கார வைத்தேன். அதற்கும் சாம்பல் அடித்தாகிவிட்டது. அதே விளக்கு. பதினாறு பல்லும் ஸ்டோர் ரூமில் தெரிந்தது போலத் தனித்தனியாகத் தெரிந்தன. முன்னால் எடுத்த நம்பருக்கும் சரியான நம்பருக்கும் இடையில் நாலு பல் தூரம் இருந்தது. புதுப் பல்லில் விளிம்புப் பக்கம் கண்ணாடி மாதிரி லேசாக ஊடுருவ விட்டேன். ஈறுப் பக்கம் ஒரு சிட்டிகை பழுப்பு சேர்த்தேன். அவருடைய டீக்கறையையும் விடவில்லை.

கிளினிக்குக்கு இந்த முறை நானும் போனேன். பழைய பல்லைக் கழற்றிவிட்டுப் புதியதை வைத்தார் டாக்டர். இது தப்பினால் நாளைக்கே டீக் கோப்பைக்காரருக்குப் போன் செய்ய வேண்டும். டாக்டர் வீட்டுக்காரரை எழுப்பி ஜன்னல் பக்கம் நிறுத்தி, அந்த நர்ஸைக் கூப்பிட்டார்.

"இவர் வாயில எது செஞ்ச பல்லு, சொல்லுங்க பார்ப்போம்."

நர்ஸ் வாசலிலேயே நின்று பார்த்தார். பிறகு கிட்டே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னும் கிட்டே வந்தார். "இது" என்று ஒன்றைக் காட்டினார். அது அவர் பிறந்து வளர்ந்து முளைத்த சொந்தப் பல். "அப்ப இதுவா?" அதுவும் சொந்தம். டாக்டரே மேசைக்குப் போய்ச் சீட்டைப் பார்த்து எந்தப் பக்கம் என்று உறுதி செய்துகொண்டார். வீட்டுக்காரர் கைக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், குழம்பினார், கடைசியில் நாக்கால் தடவிப் பார்த்துத்தான், "இதுதான், வழவழன்னு இருக்கு" என்றார்.

டாக்டர் என் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்தார். உள்ளே மூன்று அச்சு. தலைமையாசிரியை, வங்கி அதிகாரி, இன்னொருவர். யாருடையதையும் அவர் லேபுக்கு அனுப்பியிருக்கவில்லை.

"இந்த மூணு பேரும் டெம்பரரி பல்லோட காத்துட்டிருக்காங்க. திங்கக்கிழமை சாயங்காலம் ஒவ்வொருத்தரா அனுப்பறேன்."

பெட்டியைக் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினேன். வெளியே வந்தோம். தெருவில் நல்ல வெயில், சரியான கூட்டம். நர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தவித்ததை அவர் எனக்கு நடித்துக் காட்ட ஆரம்பித்தார். நடிப்பு முடிவதற்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரமாக அடைத்து வைத்திருந்தது மொத்தமும் வெடித்துக்கொண்டு கிளம்பியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள், கடை வாசலில் நின்றவர்கள், தெருவே திரும்பி அவர் வாயைப் பார்த்தது. ஒருத்தர்கூடப் பல்லைப் பார்க்கவில்லை.